மெல்லச் சொன்னால் கேட்கும்

கரண்டி: குடு அந்தப் பையை.

விசில்: வேண்டாம்டி, நானே தூக்கிக்கறேன்.

கரண்டி: குடுன்னா குடு... அம்மாடி! என்னடி இது, பஸ்ஸோட இன்ஜினையே கழட்டி எடுத்துட்டு வந்துட்டியா?

விசில்: ரெண்டு துணிமணிதான்.

கரண்டி: ரெண்டு நாளுக்கு இவ்வளவு துணியா? மறுபடி கல்யாணம் கில்யாணம் பண்ணிக்கப் போறியா?

விசில்: ஆமா, மாப்பிள்ளை வரிசையில நிக்கறாங்க. கண்டக்டர் பையை மாட்டி மாட்டி, தோள்ல கனமா ஏதாவது தொங்கினாத்தான் எனக்கு நடையே வருது. இல்லேன்னா ஒரு பக்கமா சாஞ்சுடறேன்.

கரண்டி: கொரல் என்னடி இப்படி இருக்கு? கல்லுல கத்தி தீட்டற மாதிரி...

விசில்: சளி.

கரண்டி: மழைக்கு முன்னாடி போன்ல பேசினப்பவும் சளின்னுதான் சொன்ன.

விசில்: விசுவாசமான சளி. விட்டுப் போக மனசில்ல அதுக்கு. ...இரு இரு, ஒரு நிமிஷம். டிரைவர் அண்ணே! நல்லா ஓட்டிட்டு வந்தீங்க! ஒரு குலுக்கல் இல்ல, தூக்கிப் போடல. நல்லா இருங்க!

கரண்டி: அடி பாவி. வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து டிரைவருங்களோட சண்டை போட்டே காலத்த ஓட்டினவ நீ. இன்னிக்கு என்ன ஆசீர்வாதம் எல்லாம்?

விசில்: நல்லா ஓட்டினாரு, சொன்னேன். சொல்லக் கூடாதா?

கரண்டி: சொல்லு, சொல்லு. அந்த ஆளு பயந்து போய் திரும்பிப் பாக்கறாரு.

விசில்: ஏய், உன் கை ஏன் ஆடிட்டே இருக்கு? ஈ ஓட்டறியா?

கரண்டி: ஆடுதா? காது கேக்காத பிள்ளைங்க விடுதியில இத்தனை வருஷம் பொங்கிப் போட்டா, வாய்க்கு முன்னாடி கை பேசிடுது. இப்ப உன்ன 'சாப்பிட்டியா'ன்னு கேட்டேன்.

விசில்: எப்ப?

கரண்டி: இதோ. விரல குவிச்சு வாய்கிட்ட.

விசில்: இத கைக்குழந்தையே காட்டுமே! இதுக்கு ஒரு விடுதி, அதுக்கு ஒரு கரண்டி...

கரண்டி: பேசுவடி. பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தப்ப என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டு பேசினவ நீ. அடி வாங்கினது நானு.

விசில்: அதனாலதான் உன் முதுகு இன்னும் நேரா இருக்கு.

கரண்டி: திரும்பிப் போறது எப்ப?

விசில்: நாளைக்குச் சாயங்காலம்.

கரண்டி: எந்த பஸ்ஸு?

விசில்: கிடைக்கற பஸ்ஸு. பஸ்ஸுக்கா எனக்குப் பஞ்சம்? அத விடு. எங்கெங்க கூட்டிட்டுப் போற, சொல்லு.

கரண்டி: இன்னிக்கு வட்ட மண்டபம். நாளைக்கு ஏரியில படகு. ரெண்டு நாள் லீவு சொல்லியிருக்கேன். நானே இந்த ஊர்ல வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து அந்த மண்டபத்துக்குள்ள போனதில்ல, தெரியுமா? தினம் வாசல் வழியாத்தான் காய்கறி வாங்கப் போறேன்.

விசில்: எங்க போனாலும் சரி. வழி நெடுக பேசிட்டே வரணும். அதான் என் ஒரே நிபந்தனை.

கரண்டி: நீ என்னிக்கு பேசாம வந்திருக்க?

*

கரண்டி: இதாண்டி அதிசயம். பாத்தியா, சுவரு வட்டமா சுத்தி வருது. நீ அந்தக் கோடியில போய் சுவத்துகிட்ட வாய வச்சுப் பேசினா, இந்தக் கோடியில காத வச்சா கேக்குமாம்.

விசில்: இவ்வளவு தூரத்துக்கா? நடுவுல ஒரு பஸ் டிப்போவே கட்டலாம் போல இருக்கு.

கரண்டி: போய்த்தான் பாரேன்.

விசில்: போறேன். நீ காத ஒட்ட வையி... கம்மலு குத்தும், பாத்து.

கரண்டி: போடி போ.

விசில்: கரண்டீஈஈ! கேக்குதாஆஆ? உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்கோஓஓ!

கரண்டி: ஐயய்யோ, கத்தாதடி! எல்லாரும் பாக்கறாங்க! காவல்காரர் வர்றாரு உன்ன நோக்கி!

விசில்: மன்னிச்சுக்குங்கய்யா. தொழில் புத்தி. வாயத் தொறந்தா கடைசி சீட்டு வரைக்கும் போகணும்னே பழகிப் போச்சு. ...என்னய்யா? கத்தினா கேக்காதா? மெதுவா சொன்னாத்தான் கேக்குமா? அது எப்படிய்யா... சரிய்யா, சரி. நீங்க சொன்னா சரி. உங்க சட்டை ரொம்ப நேர்த்தியா தேச்சிருக்கீங்கய்யா. வீட்டுல தேச்சதா? சந்தோஷம்.

கரண்டி: ...

விசில்: கரண்டி... கேக்குதா?

கரண்டி: கேக்குதுடி! அம்மாடி, காதுக்குள்ள வந்து சொல்ற மாதிரி இருக்கு! நீயும் காத வையி, நான் பேசறது கேக்குதா?

விசில்: ம்... ஒண்ணும் காணோம். அவ பாட்டுக்கு சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கறா, பல்லி மாதிரி.

கரண்டி: யாருடி பல்லி? காத வையிடி, வாய எடுத்துட்டு!

விசில்: கேக்காது, கேக்காது. முப்பது வருஷம் தொண்ட கிழியக் கத்தினப்பவே பின்னால நிக்கறவனுக்குக் கேக்கல. முணுமுணுன்னு சொன்னா அந்தக் கோடிக்குக் கேக்குமாமே... ...சரி. வந்தது வந்தாச்சு. கடவுளே, உனக்காவது கேக்குதா? உனக்கு மெதுவா சொன்னாலும் கேக்கும்னு சொல்வாங்க.

கரண்டி: என்னடி சொல்ற...

விசில்: நாளைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில சேரணும். திங்கக்கிழமை என் கொரல எடுத்துடுவாங்க. மொதல்ல கட்டிய மட்டும் எடுக்கறதா சொன்னாங்க. இப்ப கொரல்வளையே போகணுமாம். கழுத்துல ஓட்டை போட்டு அது வழியாத்தான் மூச்சாம். விசில் கூட ஊத முடியாதாம்மான்னு கேட்டேன். அந்த டாக்டர் பொண்ணு, பாவம், தலையக் குனிஞ்சுகிட்டா. அவள நீ நல்லபடியா வச்சிரு கடவுளே.

கரண்டி: ...

விசில்: கூட யாரு இருப்பாங்கன்னு கேட்டாங்க. இருக்காங்கன்னு சொல்லிட்டேன். பொய்தான். மன்னிச்சுடு. என் பையன் நடுக்கடல்ல கப்பல்ல இருக்கான், சொன்னா நீந்தியா வருவான்? இதோ, அங்க பல்லியா நிக்கறாளே, அவகிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும், போட்டது போட்டபடி ஓடி வருவா. அதுக்குத்தான் சொல்லல. அவ வீட்டுக்காரர வச்சுகிட்டு ஒரு வருஷம் ஆஸ்பத்திரி வராண்டாவுல பாய விரிச்சுக் கெடந்தவ. கடைசியில வெறுங்கையோட வீட்டுக்கு வந்தா. மறுபடியும் அந்த மருந்து வாடைய அவ மூக்குக்குக் காட்ட எனக்கு மனசு வரல.

கரண்டி: ...

விசில்: ரெண்டு நாள் அவளோட வயிறார பேசிட்டுப் போயிடறேன். வேற ஒண்ணும் கேக்கல. ...பொய், பொய். உன்கிட்டயே பொய் சொல்றேன் பாரு. பயமா இருக்கு கடவுளே. ராத்திரி முழிப்பு வந்தா ஏய்னு கூப்பிடக் கூட கொரல் இருக்காது. பக்கத்துல யாராவது இருந்தா... சும்மா, இருந்தா போதும். பேசக் கூட வேண்டாம். ...அவ்வளவுதான். கேட்டதுக்கு ரொம்ப நன்றி. வர்றேன்.

கரண்டி: ...

விசில்: என்னடி, இன்னும் சுவத்த விடாம நிக்கற? ஏதாவது கேட்டுச்சா?

கரண்டி: ம்ஹூம்.

விசில்: ஒண்ணுமேவா?

கரண்டி: காத்து சத்தம். உஸ்ஸுன்னு.

விசில்: நான்தான் சொன்னேனே! சும்மா ஊர ஏமாத்தறாங்க. ...கண்ணு ஏன்டி இப்படி செவந்து கெடக்கு?

கரண்டி: சுண்ணாம்பு. மூஞ்சிய வச்சு தேச்சேன்ல.

விசில்: பல்லிங்களுக்கு அப்படித்தான் ஆகும். வா, டீ குடிப்போம்.

*

விசில்: என்னடி சந்தைக் கடை மாதிரி இரைச்சல். பேசு, ஏதாவது சொல்லேன். மண்டபத்துலேர்ந்து வந்ததுலேர்ந்து உம்முன்னு இருக்க.

கரண்டி: இந்த இரைச்சல்ல என்னால கத்த முடியாது. நீ பேசு. நான் எங்க பிள்ளைங்க பாணியில பதில் சொல்றேன்.

விசில்: கையாலயா? எனக்குப் புரியுமா?

கரண்டி: ...

விசில்: ஏய்... சரி, இரு. கட்டை விரல வாய்கிட்ட சாய்க்கற... தண்ணி! தண்ணி வேணுமா?

கரண்டி: ...

விசில்: ஆமாவா! பாத்தியா, நானும் படிப்பாளிதான். அண்ணே, இங்க ரெண்டு தண்ணி! அடுத்தது காட்டு. ...கைய வேகமா உதறி, ஊதற. சூடு? சூடு! இது? உள்ளங்கையக் கவுத்து... நிறுத்து? போதும்! 'போதும்'ங்கறியா? இன்னொன்னு, இன்னொன்னு. விரல் நுனியச் சேத்து சேத்துத் தட்டற... தெரியல. சின்னதா? இல்லையா? இன்னும்? 'இன்னும் வேணும்'! அட, உன் சாப்பாட்டுக்கு இந்த வார்த்தை கூட தேவப்படுதா?

கரண்டி: கொழுப்புடி உனக்கு.

விசில்: பேசிட்ட, பேசிட்ட! தோத்துட்ட!

கரண்டி: வாய மூடிட்டுத் திருப்பிக் காட்டு, பாக்கலாம். தண்ணி... சூடு... ம். இல்ல, உதறணும். ஆங், அப்படி. போதும்... இன்னும். சரியா காட்டறியே.

விசில்: முப்பது வருஷம் ஒரு கையால கம்பியப் புடிச்சு, மறு கையால டிக்கெட்டு கிழிச்ச கையிடி. சொன்ன பேச்சு கேக்கும்.

கரண்டி: இது என்ன, சொல்லு.

விசில்: ரெண்டு ஆள்காட்டி விரலையும் எதிரெதிரா குத்தற... சண்டையா? இல்ல... மூஞ்சிய ஏன் அப்படி வச்சுக்கற... ஓ. வலியா?

கரண்டி: ம். எந்த எடத்துல வலிக்குதோ அதுக்கு முன்னாடி வச்சு குத்தணும். தலைன்னா தலைகிட்ட. ...தொண்டைன்னா தொண்டைகிட்ட.

விசில்: சமையக்கட்டுல வலிக்கு என்னடி வேல?

கரண்டி: அந்தப் பிள்ளைங்களுக்கு வயிறு வலிச்சா மொதல்ல என்கிட்டதான் ஓடி வரும். டாக்டரெல்லாம் அப்புறம்தான். ...ரொட்டிய ஏன்டி டீயில அவ்வளவு நேரம் ஊறப் போடற? கூழாயிடுச்சு பாரு.

விசில்: பல்லு.

கரண்டி: பல்லா?

விசில்: ஆமா, பல்லு. அண்ணே! டீ ரொம்ப அருமை! இப்படி ஒரு டீ குடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா! உங்க கை நல்லா இருக்கணும்!

கரண்டி: தண்ணி மாதிரி இருக்கு. இத அருமைங்கற.

விசில்: காலையிலேர்ந்து நின்னுகிட்டே போடறாருடி. சொல்லிட்டுப் போவோமே. ...இத்தனை வருஷமும் 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னே கொரல செலவழிச்சுட்டேன். எத்தனை நல்ல வார்த்தை உள்ளயே மிச்சமாக் கெடக்கு பாரு. பூட்டி வச்சு என்ன பண்ண?

கரண்டி: ...

விசில்: இது என்ன, புதுசா? ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கற. இதுக்கு என்ன அர்த்தம்?

கரண்டி: ஒண்ணுமில்ல. வேர்க்குது.

*

விசில்: உன் ரூமு நல்லா இருக்குடி. ஒத்தை ஜன்னல்னாலும் காத்து வருது. அவரோட கைக்கடிகாரத்த இன்னும் ஆணியில மாட்டி வச்சிருக்க.

கரண்டி: ஓடுதுல்ல. ஓடற வரைக்கும் இருக்கட்டும்.

விசில்: கேட்டா தப்பா நெனைக்காத. அந்த ஒரு வருஷம்... ஆஸ்பத்திரி வராண்டாவுல... எப்படிடி இருந்த?

கரண்டி: ஏன் இப்ப அது?

விசில்: சும்மா. நான் ஒரு தடவதான் வந்து பாத்தேன். டூட்டி, டூட்டின்னு... உன்ன அங்க அந்தப் பாயில பாத்த அன்னிக்கே, இனிமே இவ எந்த ஆஸ்பத்திரி படியும் மிதிக்கக் கூடாதுன்னு நெனச்சுகிட்டேன்.

கரண்டி: நீ நெனச்ச மாதிரி இல்லடி அது. கஷ்டந்தான், இல்லேங்கல. ஆனா பக்கத்துப் பாயில ஒருத்தி இருந்தா. பேரு கூட தெரியாது. அவ மாமியாருக்கு ஏதோ ஆபரேஷன். விடிஞ்சதும் எங்கேர்ந்தோ ஒரு சொம்பு வெந்நீர் புடிச்சுட்டு வருவா. பாதி அவளுக்கு, பாதி எனக்கு. ஒரு வார்த்தை பேச மாட்டா. அந்தப் பாதிச் சொம்பு வெந்நீருலதான் ஒரு வருஷம் ஓடுச்சு.

விசில்: அப்புறம் அவ?

கரண்டி: அவர் போனப்புறம் அவளத் தேடினேன். அவ மாமியார கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். நன்றின்னு கூட சொல்லல. அது இன்னும் உள்ள கெடக்கு. யாருக்காவது திருப்பிக் குடுக்கணும்.

விசில்: கடவுள் குடுத்திருப்பாரு அவளுக்கு.

கரண்டி: கடவுள் நேரா வந்து சொம்பத் தூக்க மாட்டாருடி. நம்ம கையத்தான் கேப்பாரு. ...சரி, நீ கால நீட்டிப் படு. நான் விடுதி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.

விசில்: இப்பவா? லீவுன்னு சொன்ன?

கரண்டி: அடுப்ப ஒழுங்கா அணைச்சாங்களான்னு பாக்கணும். புதுசா வந்தவ ஒருத்தி, கேஸ தொறந்து விட்டுட்டு பராக்கு பாப்பா.

விசில்: கரண்டிய விட்டு ஒரு நாள் பிரிஞ்சிருக்க முடியல உனக்கு.

கரண்டி: ஆமா. முடியல.

*

படகுக்காரர்: ஏய்ய்... ஓரத்துக்கு வாங்க! நேரமாச்சு! அந்தப் பச்சைப் படகு! உங்களத்தான்...

விசில்: அண்ணே, தொண்டை போயிடும். மெதுவா.

படகுக்காரர்: என்னம்மா பண்றது? விசில் ஒண்ணு வச்சிருந்தேன். போன வாரம் குனிஞ்சு கயிறக் கட்டினப்ப தண்ணியில விழுந்துடுச்சு. அன்னிலேர்ந்து கத்தல்தான். வீட்டுக்குப் போனா பொண்டாட்டிகிட்ட பேச கொரலே இருக்கறதில்ல.

கரண்டி: பொண்டாட்டி சந்தோஷப்படுவாங்களே.

படகுக்காரர்: அப்படித்தாம்மா சொல்றா.

விசில்: இந்தாங்க.

படகுக்காரர்: என்னம்மா இது?

விசில்: விசில்தான். நல்ல விசில். உள்ள உருளற தக்கை தேயாம துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கேன். ஒண்ணு ஊதினா நில்லு. ரெண்டு ஊதினா போ. அவ்வளவுதான் பாஷை. கத்தவே வேண்டாம்.

படகுக்காரர்: ஐயோ, உங்க தொழில் சாமானம்மா. உங்களுக்கு வேண்டாமா?

விசில்: எனக்கு... ரிட்டயர்மெண்ட் வருது. சீக்கிரமா.

படகுக்காரர்: இல்லம்மா, இது சரியில்ல. நாளைக்கு வந்து வாங்கிக்கறதா இருந்தா குடுங்க.

விசில்: வச்சுக்குங்கண்ணே. உங்க கொரல வீட்டுக்கு மிச்சம் பண்ணிக் கொண்டு போங்க. பொண்டாட்டிகிட்ட ரெண்டு நல்ல வார்த்தை பேசுங்க. கொரல்ங்கறது சும்மா கெடைச்ச சாமானில்ல.

கரண்டி: குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஊதுடி.

விசில்: எதுக்கு?

கரண்டி: எனக்குக் கேக்கணும். இத்தனை வருஷம் விசில் விசில்னு கூப்பிட்டிருக்கேன். உன் பஸ்ஸுல நான் ஒரு நாள் கூட வந்ததில்ல.

விசில்: போடி, எல்லாரும் பாப்பாங்க.

கரண்டி: பாக்கட்டும். ஊது.

விசில்: ...

படகுக்காரர்: அடேங்கப்பா! அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்மா! பாருங்க, பச்சைப் படகு திரும்புது!

கரண்டி: மெதுவா, மெதுவா... இருமு இருமுன்னு இருமற பாரு. தண்ணி குடி. ...போதுமா?

விசில்: ...

கரண்டி: 'இன்னும்'ங்கறியா? இந்தா, குடி.

படகுக்காரர்: ரெண்டு பேரும் என்னம்மா கையால பேசிக்கறீங்க? சரி, உக்காருங்க. ஒரு சுத்துதான் கணக்கு, உங்களுக்கு ரெண்டு சுத்து. வேண்டாம்னு சொல்லக் கூடாது.

விசில்: நல்லா இருங்கண்ணே. ...ஏய் கரண்டி, இங்க பாரு. நேத்து ராத்திரி நீ விடுதியிலேர்ந்து வந்ததுலேர்ந்து ஒண்ணு காட்டிட்டே இருக்கியே. ரெண்டு கையையும் மூடி, ஒண்ணோட ஒண்ண ஒட்டி வச்சு, நெஞ்சுகிட்ட கொண்டு போற. பாத்திரம் தேய்க்கும்போது காட்டின, பஸ்ஸுல காட்டின, இப்பவும் காட்டற. என்ன அது? உப்பு கம்மின்னா?

கரண்டி: இல்ல.

விசில்: புளிப்பு ஜாஸ்தி?

கரண்டி: அது சமையக்கட்டு வார்த்தை இல்ல. நீயும் காட்டு, பழகு. அர்த்தம் அப்புறம் சொல்றேன்.

விசில்: அப்புறம்னா எப்ப? எனக்கு சாயங்காலம் பஸ்ஸு.

கரண்டி: பஸ் ஏறறப்ப சொல்றேன்.

*

விசில்: சரிடி. நீ கெளம்பு. என் பஸ்ஸு அந்தப் பக்கம் வரும்.

கரண்டி: ஏத்தி விட்டுட்டுப் போறேன்.

விசில்: வேண்டாம். ஏத்தி விடறது, ஜன்னல்கிட்ட நின்னு கையாட்டறது... எனக்கு ஆகாது. முப்பது வருஷம் அதத்தான் பாத்தேன். ரெண்டு விசில் கொடுத்தா அந்த அழுகையெல்லாம் பின்னால போயிடும், நான் முன்னால போயிடுவேன். இன்னிக்கு நானே அழுதா யாரு விசில் கொடுக்கறது?

கரண்டி: அழுவியா என்ன?

விசில்: சளிடி. மூக்கு ஒழுகும்.

கரண்டி: பையக் குடு, பஸ் வர்ற வரைக்கும் வச்சிருக்கேன்.

விசில்: நீ எப்ப போவியோன்னு இருக்கேன், நீ பையப் புடிச்சு இழுக்கற... ஏய், கரண்டி.

கரண்டி: என்ன?

விசில்: நீ நல்லவடி. சின்ன வயசுலேர்ந்து சொல்லணும்னு நெனச்சு நெனச்சு சொன்னதேயில்ல. கேலி பேசியே காலத்த ஓட்டிட்டேன். என் வாயால ஒரு தடவ சொல்லிடறேன். என் பங்கு அடியும் நீயே வாங்கிக்கிட்ட. நீ ரொம்ப நல்லவ.

கரண்டி: ...

விசில்: கைய ஆட்டாத. வாயால பதில் சொல்லு.

கரண்டி: சொன்னா நான் அழுதுடுவேன். உன் பஸ் வருது பாரு.

விசில்: ஆமா, வந்துடுச்சு. போயிட்டு வர்றேன். போய்... போன் பண்றேன். இல்ல, போன் வேண்டாம். லெட்டர் போடறேன். போ, போ. திரும்பிப் பாக்காம போ... ஏய்! நீ எங்கடி ஏறுற? பையோட? எறங்கு! பஸ் கெளம்புது!

கரண்டி: கெளம்பட்டும்.

விசில்: ஊருக்குப் போற பஸ்ஸுல உனக்கு என்ன வேல? பைத்தியமா?

கரண்டி: கண்டக்டருக்கு போர்டு படிக்கத் தெரியாதா? 'பெரிய ஆஸ்பத்திரி'ன்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கு. உங்க ஊருக்கு எப்படி போவியாம் இதுல?

விசில்: ...

கரண்டி: என்ன, கொரல் இப்பவே போயிடுச்சா?

விசில்: நாளைக்கு... உனக்கு வேல இருக்கு. ரெண்டு நாள்தான் லீவுன்னு சொன்ன.

கரண்டி: ரெண்டு நாளாத்தான் இருந்துச்சு. நேத்து விடுதிக்குப் போனது அடுப்பப் பாக்க இல்ல. வார்டன் அம்மாகிட்ட ஒரு மாசம் வேணும்னு கேட்டேன். அவங்க ஏன்னு கூட கேக்கல. அப்படியே எட்டாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தியப் புடிச்சு, 'பக்கத்துல இருக்கேன்'னு எப்படிடி காட்டறதுன்னு கேட்டேன். இத்தனை வருஷம் சமையக்கட்டுல அந்த வார்த்தை எனக்குத் தேவப்படல. ரெண்டு கையையும் மூடி, ஒண்ணோட ஒண்ண ஒட்டி வச்சு, நெஞ்சுகிட்ட கொண்டு போகணுமாம்.

விசில்: ...அதான் அதுவா?

கரண்டி: அதான் அது. ராத்திரி முழிப்பு வந்தா நீ கட்டில்ல ஒரு தட்டு தட்டு. நான் எழுந்து இதக் காட்டறேன். அவ்வளவுதான் வேல.

விசில்: வேண்டாம்டி. அந்த வராண்டா... அந்த வாடை... உனக்கு மறுபடியும்...

கரண்டி: அதே ஆஸ்பத்திரிதானேடி, எந்த மூலையில வெந்நீர் கெடைக்கும்னு எனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்? அந்தப் பாதிச் சொம்ப நான் யாருக்கும் திருப்பிக் குடுக்காம வச்சுகிட்டு இருக்கேன்.

விசில்: ...கேட்டியா? ஏரிப் பக்கம். அந்த அண்ணன் ஊதறாரு.

கரண்டி: ரெண்டு ஊதினாரு.

விசில்: ரெண்டு. நல்லாத்தான் ஊதறாரு. ...கரண்டி, யாருடி சொன்னது உனக்கு? ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. என் பையனுக்கே தெரியாது. ஒரு உயிர்கிட்ட நான் வாயத் தொறக்கலயே!

கரண்டி: நீ முப்பது வருஷம் கத்தினது யாருக்குக் கேட்டுதோ, எனக்குத் தெரியாது. ஆனா நேத்து அந்த மண்டபத்துல மெதுவா கடவுள்கிட்ட சொன்ன பாரு, அத அந்தச் சுவரு ஒரு வார்த்தை விடாம என் காதுல கொண்டு வந்து போட்டுடுச்சுடி. படியில நிக்காத, உள்ள போ. எனக்கும் உக்கார எடம் வேணும்.